வேலந்தாவளம் வரை நடந்தோம்

அன்று சமையல் முறை எனக்கு வந்திருந்தது. மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து, அதில் சுள்ளி போட்டு ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தேன். மார்கழிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அது வரும்போது அடுப்பு எரியாது, கூடாரத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். வாளையார்க் காட்டோரத்தில் நாங்கள் முகாம் போட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்.

வண்டித் தடத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. எதிர்காற்றில் ஏறி மிதிக்க முடியவில்லை போலிருக்கிறது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் அடுப்பருகே வந்து நின்று, மூச்சு வாங்கினார்.

"ஏனுங் தம்பி, வாத்தியாரு இருக்கறாருங்களா?"

அவரை எனக்கு முன்பே தெரியும். எங்கள் சாரணர் படையில் என் பட்ரோலுக்கு லீடரான நாச்சிமுத்துவின் தாய்மாமன். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்திருக்கிறார். மருமகனைப் பார்க்க வந்தவர் மருமகன் எங்கே என்று கேட்காமல் வாத்தியாரைக் கேட்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. நாச்சிமுத்து அப்போது காட்டுக்குள் தடம் போடப் போயிருந்தான்.

ராமநாதன் மாஷை அழைத்து வந்தேன். இருவரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். காற்று அவர்கள் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"பையங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சார். அப்பனுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு மட்டும் சொல்லிக் கூட்டியாங்க. பொழுதெறங்கறதுக்குள்ள அவன் வந்தாத்தான் எடுக்க முடியும்."

'எடுக்க' என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கையிலிருந்த புடலங்காயை இலையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காக்கி நிஜார்

நாலைந்து வாரமாக இந்தத் தொடரில் கல்பாத்தி அக்ரகாரத் தெருவையே எழுதிக்கொண்டிருக்கிறாய், நீ அந்தத் தெருவை விட்டு வெளியே போனதே கிடையாதா என்று என் அக்கா போனில் கேட்டாள். போனேன். என்னை முதன்முதலில் வெளியே கொண்டுபோனது ஒரு காக்கி நிஜாரும் கழுத்தில் கட்டும் பச்சை ஸ்கார்ஃபும்தான்.

எங்கள் பள்ளியில் சாரணர் படை ஆரம்பித்தவர் ராமநாதன் மாஷ். கணக்கு வாத்தியார். கல்பாத்தியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் கலந்து படித்த பள்ளிக்கூடம் என்பதால் எல்லா வாத்தியாரும் எங்களுக்கு மாஷ்தான். நேரில் மட்டும் சார். மெலிந்த உடம்பு. நிஜார் போட்டால் முழங்கால் இரண்டும் தனியாகத் தெரியும். அந்தக் கோலத்தில் அவர் தெருவில் நடந்தபோது வாசலில் நின்றவர்களெல்லாம் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

என் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டில் போய்த் தங்குவதா, அங்கே யார் சமைப்பது, எந்தத் தண்ணீர் என்று கேள்விமேல் கேள்வி. மாஷ் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளே சமைத்துப் பிள்ளைகளே சாப்பிடுவார்கள் என்று விளக்கினார். எல்லாப் பிள்ளைகளுமா என்று அம்மா கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும்தான் மாமி என்று மாஷ் சொன்னார். கடைசியில் அம்மா எனக்கென்று ஒரு தனிப் பித்தளைச் செம்பு கொடுத்தனுப்பினாள். முகாமுக்குப் போன அன்றே அது பொதுச் செம்பு ஆகிவிட்டது.

நாச்சிமுத்து கிழக்குச் சீமைப் பையன். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கஞ்சிக்கோட்டுப் பக்கம் இன்றைக்கு ஆலைகளாக நிற்கிறது. அப்போது அதைத் தாண்டினால் பனையும் கரிசலும் நிலக்கடலைக் காடும்தான். பேச்சும் மாறிவிடும். நாங்கள் கல்பாத்தியில் பேசுகிற தமிழைக் கேட்டு அவன் சிரிப்பான். அவன் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். வார நாட்களில் பாலக்காட்டில் ஒரு கடலை மண்டியின் பின்னறையில் தங்கிப் படித்தான். மண்டிக்காரர் அவன் தகப்பனாருக்குச் சிநேகிதர். அவன் சட்டையில் எப்போதும் கடலைத் தோலும் சாக்கும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

அவன் தகப்பனார்

கவுண்டரை நான் ஒரே ஒரு முறைதான் நன்றாகப் பார்த்தேன். நாங்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்ட அன்று. பெற்றோர் வரலாம் என்று மாஷ் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. நாச்சிமுத்துவின் தகப்பனார் மட்டும் விடியற்காலையில் வண்டி பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவர் குரலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தான். ஆனால் அன்று பள்ளிக்கூட மைதானத்தில் அவர் வாயே திறக்கவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், வேப்பமரத்தை ஒட்டி நின்றார். தன் மகன் மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழி சொன்னபோது அவர் உதடும் கூடவே அசைந்தது. அது அவருக்குத் தெரிந்த மொழியில்கூட இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு மாஷிடம் வந்து, முகாம் எங்கே என்று விசாரித்தார். வாளையார்க் காடு என்றதும் அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"எங்க தோட்டத்துல இல்லாத காடுங்களா சார்? கூடாரம் போட்டுப் படுக்கறதுக்கு அத்தனை தூரம் போகோணுங்களா?"

இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தன்னோடு சந்தைக்கு வந்து மாட்டு வாலைப் பிடிக்கிற பிழைப்பு இவனுக்கு வேண்டாம், நாலு ஊர் பார்க்கட்டும் என்று மாஷிடம் சொல்லிவிட்டுப் போனார். முகாமுக்கு முதல் நாள் ஒரு மூட்டை பச்சைக் கடலை வந்து இறங்கியது. அதைத்தான் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

தடம் போடும் விளையாட்டு

சாரணர் பயிற்சியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது தடம் பிடிப்பது. ஒரு கூட்டம் முன்னால் போய்க் கல்லாலும் குச்சியாலும் மண்ணில் அடையாளம் வைத்துக்கொண்டே போகும். இன்னொரு கூட்டம் அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வரவேண்டும். அம்புக்குறி என்றால் இந்த வழி. குறுக்குக் கோடு என்றால் இந்த வழி வேண்டாம்.

நாச்சிமுத்துவுக்கு அடையாளமே தேவையில்லை. சின்ன வயதிலிருந்து தகப்பனாரோடு சந்தைக்குப் போய்ப் போய், புழுதியில் கிடக்கிற குளம்படியைப் பார்த்துப் பழகியவன். எந்தக் காலை மாடு சாய்த்து வைக்கிறது, பாரம் ஏற்றிய வண்டியா வெறும் வண்டியா என்றெல்லாம் நடந்துகொண்டே சொல்வான். முதல் நாள் எங்கள் கூடாரத்தைச் சுற்றி ஒரு பெரிய காட்டுப் பன்றி வந்துபோயிருக்கிறது என்றான். எங்கள் பட்ரோலின் கோவிந்தன்குட்டி அன்று முழுவதும் கூடாரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தான்.

மற்ற பட்ரோல்களுக்கு எங்கள் மேல் பொறாமை. நாச்சிமுத்து லீடர், நான் அவனுக்கு அடுத்தவன், கோவிந்தன்குட்டி மூன்றாமவன். அப்படித்தான் அந்த மார்கழி போய்க்கொண்டிருந்தது.

புறப்பாடு

மாமன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. மாஷிடம் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். இப்போது காற்று அவருக்கு முதுகுப் பக்கம். ஏறி மிதித்தார்.

மாஷ் என்னருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"விச்சு, நீ கேட்டுண்டுதானே இருந்தே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கோவிந்தன்குட்டியையும் அழைத்துக்கொண்டு தானும் கூட வருவதாகச் சொன்னார். சாயந்திரம்தான் பஸ், அதற்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும், குறுக்கு வழியாக நடந்துவிடலாம் என்றார். வழியில் நாச்சிமுத்து ஏதாவது கேட்டால் மாஷைக் கேள் என்று சொல்லிவிட வேண்டும். முகாமை டிராயிங் மாஷிடம் ஒப்படைத்தார்.

நாச்சிமுத்து காட்டிலிருந்து வெளியே வந்தான். கையில் தடி, தொப்பி பின்னால் சரிந்திருந்தது. தடம் பிரமாதமாகப் போட்டிருப்பதாகவும், புலி பட்ரோல்காரர்கள் ஓடைக்கரையில் திண்டாடிக்கொண்டிருப்பதாகவும் சொல்லிச் சிரித்தான். மாஷ் அவன் தோளில் கை வைத்தார்.

அப்பாவுக்குச் சுகமில்லையாம், மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார், புறப்படு என்று மாஷ் சொன்னார். அந்தச் சில வார்த்தைகளை அவர் எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ, வாய்ப்பாடு மாதிரி வெளியே வந்தது.

அவன் எதுவும் கேட்கவில்லை. போய்க் கம்பளியைச் சுருட்டினான். புறப்படும்போது, கூடாரத்தின் வாசலில் குனிந்து, மண்ணில் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு கூழாங்கல் வைத்தான். 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அதற்கு அர்த்தம். தடத்தின் கடைசியில் வைக்கும் அடையாளம். காட்டுக்குள் இன்னும் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாமா?

வண்டித் தடம் தார் ரோட்டில் சேரும் இடத்தில் அவன் நின்று, கான்வாஸ் ஷூ நாடாவைக் கட்டினான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் கட்டினான். பிறகு எழுந்து, ரோட்டைக் கடந்து தெற்கே இறங்கும் பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தான்.

வழி நெடுக

அவன் பேசிக்கொண்டே வந்தான்.

கிணற்றை ஆழப்படுத்துகிறார்களாம், பாறை வந்துவிட்டதாம், வெடி வைக்க ஆள் வரவேண்டுமாம். தை பிறந்ததும் ஒரு ஜோடி காங்கேயம் காளை வாங்கப் போகிறார்களாம். தங்கைகள் இரண்டு பேருக்கும் இந்தத் தொப்பியைப் போட்டுப் பார்க்க ஆசையாம். கோவிந்தன்குட்டி எங்களுக்குப் பின்னால் தங்கிவிட்டான். திரும்பிப் பார்த்தபோது ஸ்கார்ஃபின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு நடந்து வந்தான்.

நான் பக்கத்தில் நடந்தேன். உம் கொட்டினேன். காளை என்ன நிறம் என்று கேட்டேன். மயிலை என்றான்.

பனங்காட்டுக்குள் காற்று ஓலைகளைத் தேய்த்து இரைந்தது. கடலை பிடுங்கிய வயல்களில் பெண்கள் மண்ணைக் கிளறி விடுபட்ட காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜார் போட்ட ஒரு பெரிய மனிதரும் மூன்று பையன்களும் வருவதைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தி நாச்சிமுத்துவை அடையாளம் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன். சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள்.

நாச்சிமுத்து அதையும் பார்த்தான். பேச்சை நிறுத்தவில்லை.

ஆற்றுக் கரையில்

குறுக்கே ஒரு சிறிய ஆறு. மார்கழியில் கணுக்காலளவுதான் தண்ணீர். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். நடு ஆற்றில் அவன் நின்று குனிந்து முகம் கழுவினான். ஒரு கை தண்ணீர் குடித்தான். அக்கரை ஏறியதும் மணலில் உட்கார்ந்தான்.

மாஷ், நேரமாகிறதே என்று சொல்ல வாயெடுத்தார்.

"எங்கய்யன் போயிட்டாருங்களா சார்?"

அந்தப் பக்கத்தில் தகப்பனாரை ஐயன் என்றுதான் சொல்வார்கள்.

அவனே சொன்னான், குரலை உயர்த்தாமல், தடம் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படிச் சொல்வானோ அப்படியே.

"மாமன் சைக்கிள்ல பின் டயரு ஒட்டுப் போட்டதுங்க. ரோட்டு முக்குல தடம் கெடந்துது. எங்கூருக்குத் தெக்கால வரோணும். அவரு கெழக்க மதுக்கரைப் பக்கம் போயிருக்கறாரு. அங்க எங்கத்தை இருக்குது. அதுக்கும் அந்தாண்ட பெரியத்தை. சொகமில்லைன்னா டாக்டருகிட்டப் போவாருங்க, எதுக்கு ஊரு ஊராப் போறாரு?"

ரோட்டு முக்கு என்றால் அவன் ஷூ நாடா கட்டிய இடம். அப்படியானால் அவ்வளவு தூரமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கிணற்றைப் பற்றிச் சொன்னதும் காளையைப் பற்றிச் சொன்னதும் தெரிந்துகொண்டுதான். மாஷ் அத்தனை கஷ்டப்பட்டுச் சொன்ன வார்த்தையை உடைக்க அவனுக்கு மனம் வரவில்லையா, அல்லது தகப்பனாரை இன்னும் கொஞ்ச தூரம் உயிரோடு வைத்திருக்க நினைத்தானா? எனக்குத் தெரியாது. பிற்காலத்திலும் நான் அவனை அதைக் கேட்கவில்லை.

மாஷ் மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாண்டா கொழந்தே. நேத்து சந்தையில நெஞ்சு வலின்னு வண்டிச் சக்கரத்துல சாஞ்சு ஒக்காந்தாராம். அப்படியே போயிட்டாராம்."

மாஷின் தோள்கள் குலுங்கின. பெரியவர் ஒருவர் வாய்விட்டு அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கோவிந்தன்குட்டி அழுதான். நானும் அழுதேன். நாச்சிமுத்து மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து மாஷின் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"நடக்கலாமுங்க சார். பொழுதெறங்கீரும்."

அந்த வீட்டில்

தெருமுனையிலேயே பறையோசை கேட்டது. அங்கே அவன் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். பந்தலில் கூடியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். காக்கி உடுப்போடு ஒரு பையன் சாவு வீட்டுக்குள் நுழைவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது.

அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் எழவில்லை. புருஷன் முகத்தருகே குனிந்து, தூங்குகிறவரை எழுப்புவது போலச் சொன்னாள்.

"பையன் வந்துட்டானுங்க. காட்டுல இருந்து நடந்தே வந்திருக்கறான். ஒருக்காக் கண்ணத் தொறந்து பாருங்க."

அதன் பிறகு பந்தலில் எழுந்த அழுகையை எழுத எனக்குச் சக்தியில்லை.

மளமளவென்று காரியங்கள் நடந்தன. கிணற்றடியில் அவனுக்கு மொட்டையடித்தார்கள். நிஜாரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அதன் மேலேயே வேட்டியைச் சுற்றினார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியதும் நனைந்த வேட்டிக்குள் காக்கி தெரிந்தது. தோளில் குடத்தை வைத்துக்கொண்டு அவன் சுற்றி வந்தான். அதில் துளை போட்டபோது பீறிட்ட தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு குளிரில் நடுங்கியது. அழவில்லை.

மாஷ் மயானம் வரை வந்தார். திரும்பி வந்து எங்களோடு வாய்க்காலில் முழுகினார். ஈர உடுப்போடு ஒரு வண்டியில் எங்களை முகாமுக்கு அனுப்பி வைத்தார்கள். மறுநாள் காலை கூடாரங்களைப் பிரித்துவிட்டோம். மீதிக் கடலை மூட்டையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்துக் குடிசைகளில் கொடுத்துவிட்டு வந்தோம்.

உருமால்

கருமாதிக்கு மாஷ் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அன்று தாய்மாமன் நாச்சிமுத்துவின் மொட்டைத் தலையில் புது உருமால் கட்டினார். அந்தக் குடும்பத்துக்கு இனி இவன்தான் பொறுப்பு என்று ஊரறியச் செய்கிற முறை அது. பெரிய துணி. சின்னத் தலை. கண் வரைக்கும் இறங்கிய உருமாலை அவன் இரண்டு கையாலும் உயர்த்தி உயர்த்தி விட்டுக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்ததும் மாஷ் பேச்செடுத்தார். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பையனை எப்போது அனுப்புகிறீர்கள் என்றார். மாமன் கெட்டவரல்ல. போய்விட்ட மாப்பிள்ளைக்குப் பையன் படிக்கவேண்டும் என்று ஆசை இருந்தது, தான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் தோட்டத்தை யார் பார்ப்பது, தனக்குத் தன் பண்ணையமே தலைக்கு மேல் கிடக்கிறதே என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

குத்தகைக்கு விடலாமே என்று மாஷ் கேட்டார். ஒருமுறை விட்டால் திரும்பாது என்றார்கள். செலவுக்குச் சிரமமென்றால் பையன் மண்டியில் தங்கவேண்டாம், கல்பாத்தியில் என் வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று மாஷ் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மாஷ் வீட்டு மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சொன்னால் செய்கிறவர்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் அம்மாவின் வளையல் இல்லாத கை மட்டும் தெரிந்தது. நாச்சிமுத்துதான் பேசினான்.

"தங்கச்சிங்க ரெண்டும் சின்னதுங்க சார். அம்மா ஒண்டியா என்ன பண்ணுங்க? நான் இருந்துக்கறனுங்க."

அவன் யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசவில்லை. மாஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப வண்டி வரை வந்தவன், பட்ரோலை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டான். நீ வரும் வரைக்கும் யாரும் இல்லை என்றார் மாஷ்.

"விச்சுவப் போடுங்க சார். கூடாரக் கயிறு மட்டும் இவன் இறுக்கிக் கட்ட மாட்டான். அதைப் பாத்துக்கங்க."



பிறகு

நாச்சிமுத்து பள்ளிக்கூடம் திரும்பவில்லை. கிணற்றுப் பாறையை உடைத்தான். தங்கைகளை நல்ல இடங்களில் கட்டிக்கொடுத்தான். மாநிலங்கள் பிரிந்தபோது அவன் தோட்டம் கேரளத்திலும் மாமன் தோட்டம் மதராஸ் மாநிலத்திலும் போயின. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, மாடுகள் இரண்டு பக்கமும் மேய்ந்தன என்று அவனே சொல்லியிருக்கிறான். நான் உத்தியோகம் என்று வடக்கே போய்விட்டேன். கல்பாத்தித் தேருக்கு லீவில் வரும்போது ஒன்றிரண்டு முறை பார்த்தோம். அவன் பிள்ளைகள் மூவரும் கல்லூரி வரை படித்தார்கள். சில வருடங்களுக்கு முன்பு அவன் போய்விட்டான் என்று அவன் மூத்த பையன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அவனை நினைக்கும்போது எனக்கு வருவது அந்தப் பெரிய மனிதர் அல்ல. தகப்பனார் இறந்த அடுத்த வருடம் பார்த்த நாச்சிமுத்து.

அந்த வருட முகாமை அவன் தோட்டத்திலேயே போடுவதென்று மாஷ் ஏற்பாடு செய்திருந்தார். போய்ப் பார்த்தால் எல்லாம் தயாராக இருந்தது. விறகு பிளந்து அடுக்கியிருந்தது. கூடாரம் அடிக்க இடம் செதுக்கி, முள் பொறுக்கி, தண்ணீர் தெளித்திருந்தது. உருமால் இப்போது தலைக்குச் சரியாக இருந்தது. ஆட்களிடம் தாழ்ந்த குரலில் வேலை சொல்லிக்கொண்டு நின்றான். எங்களைக் கண்டு அருகில் வந்தவனிடம் மாஷ் தன்னையறியாமல் "வாங்கோ" என்றுவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகப் போயிற்று. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு நாள் அவன் எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை. பால் கொடுத்தனுப்புவான், இளநீர் வெட்டி அனுப்புவான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவான். மூன்றாம் நாள் பிற்பகல் கொடி பிடிக்கும் ஆட்டம். இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒளித்து வைத்த எதிர்க்கட்சிக் கொடியைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். எங்கள் கட்சியில் ஒரு ஆள் குறைந்தது. நான் போய் அவனைக் கூப்பிட்டேன்.

முதலில் வேண்டாம் என்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு உருமாலை அவிழ்த்து வரப்பில் வைத்தான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

அடடா, என்ன ஓட்டம். சோளத்தட்டுக்குள் புகுந்து, கிணற்று மேட்டைச் சுற்றி, கடலைக் கொடிப் போர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினான். எதிர்க்கட்சியில் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டான். மண்ணில் கால் தடம் பார்த்துக் கொடி எங்கே இருக்கிறதென்று சைகை காட்டினான். வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவன் அம்மா வீட்டுக்கு வெளியே வந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். கொடிக்கு இன்னும் பத்தடிகூட இருந்திருக்காது.

அப்போது பண்ணையாள் ஒருவர் வரப்பில் ஓடி வந்தார். மேலே மடை உடைத்துக்கொண்டதாம், தண்ணீர் முழுக்க இன்னும் பிடுங்காத கடலைக்காட்டுக்குள் பாய்கிறதாம்.

நாச்சிமுத்து நின்றான். ஒரு கணம்தான். கொடி இருந்த பக்கம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இதோ வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு மேட்டுப் பக்கம் ஓடினான்.

எதிர்க்கட்சிக்காரர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். தூரத்தில் அவன் முழங்காலளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் மண்ணை அள்ளி அள்ளி மடையை அடைப்பது தெரிந்தது. ஒருபுறம் அடைத்தால் மறுபுறம் கரைந்தது. வெயில் சாய்ந்தது, எங்கள் நிழல்கள் வரப்பைத் தாண்டி நீண்டன. அவன் ஒரு முறைகூட நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து மாஷ் விசிலை எடுத்தார். வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஊதாமலே நின்றார். பிறகு ஊதினார். நாங்கள் எழுந்து, நிஜாரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, கூடாரத்துக்குத் திரும்பினோம்.